திட்டுகிற தூரத்தில்

பிப்ரவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதிலிருந்து உனக்குப் போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்துவிட்டது. நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நீ கத்தியிருப்பாய், நான் அழுதிருப்பேன், பேச வேண்டியதைப் பேசியிருக்க மாட்டோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பார்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்காக முதலில் வாயைத் திறந்தவள் நீ. நான் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். "அண்ணி செய்யற வேலையை இந்த வீட்ல வேற யாராச்சும் செஞ்சுடுவீங்களா? அப்புறம் என்ன பேச்சு?" என்று நீ கேட்டாய். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதே வாய் ஞாயிற்றுக்கிழமை, "பெத்த பொண்ணை விட்டுட்டுப் போறவங்களுக்குப் பட்டம் ஒரு கேடா?" என்று கேட்டது. இரண்டையுமே என்னால் மறக்க முடியவில்லை.

வெளிநாட்டுப் படிப்பு எனக்கு ஏன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். எங்கள் செயற்கைக் கால் பட்டறைக்குக் கண்டக்டர் அக்கா ஒருவர் வருகிறார். விபத்தில் ஒரு கால் முழங்காலுக்கு மேலே வரை போய்விட்டது. பிளாஸ்டரில் அச்செடுத்து, தொடை பொருந்தும் கிண்ணத்தை நான்தான் செய்தேன். பொருந்தவில்லை. திரும்பச் செய்தேன். திரும்பவும் புண். அதைவிட, எங்களிடம் இருக்கிற பாதமெல்லாம் ஆம்பளைப் பாதம். அதிலேயே சின்ன அளவாகப் பார்த்து மாட்டிவிடுகிறோம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஒரு கால் என்னோடது, ஒரு கால் என் தம்பியோடது மாதிரி இருக்கும்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பெண்களுக்கான கால்களை உடம்பை ஸ்கேன் செய்து வடிவமைக்கிற படிப்பு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இரண்டு வருஷம். உதவித்தொகையும் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் தொடங்குகிறது. நான் மட்டும் போவதாகத் திட்டம். சிட்டுவை உன் அண்ணன் பார்த்துக்கொள்வார், மாமாவும் கூட இருக்கிறார். அவளுக்கு ஒன்பது வயசு, சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை.

இதில் எங்கே தப்பு செய்கிறேன் என்று எனக்கு விளங்கச் சொல். கோபமாகச் சொன்னாலும் பரவாயில்லை, எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. வேண்டுமென்றேதான். கோபமாக எழுதலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

காலையில் இரண்டு பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பேருமே கிளட்ச்சை விடச் சொன்னால் பிரேக்கை மிதிக்கிறார்கள். எரிச்சலில் இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சொன்னால் புரிந்துகொள்கிற பிள்ளை' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு ஏழு வயசு. அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்பட்டபோது, "நீ சமர்த்து, உனக்கு எல்லாம் புரியும்" என்றுதான் சொன்னாள். சரி என்று தலையாட்டினேன். பிள்ளைகள் தலையாட்டுவது புரிந்ததால் இல்லை அண்ணி. பெரியவர்கள் முகம் வாடக் கூடாதே என்றுதான்.

வாரம் ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். பொம்மை வரும், சாக்லேட் வரும், கவுன் வரும். கவுன் எப்போதும் எனக்கு ஒரு சுற்று சின்னதாகத்தான் இருக்கும். அம்மா மனசில் நான் வளரவே இல்லை, அவ்வளவுதான். பற்றாத கவுனைப் போட்டு, முதுகுப் பக்கம் ஊக்கு குத்திக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புவோம். முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி.

அம்மா திரும்பி வந்தபோது எனக்குப் பதிமூன்று. வாசலில் பெட்டியோடு நிற்கிறாள். அண்ணன் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்றேன்.

பெற்ற அம்மாவை 'வாங்க' என்று கூப்பிட்டேன் அண்ணி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'வா' என்கிற வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. அம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விருந்தாளி மாதிரியே, நுனியில்.

அதற்கப்புறம் அவள் எங்களோடு ஒன்பது வருஷம் இருந்தாள். அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் என்னால் அந்த 'ங்க'வை உதற முடியவில்லை.

நீங்கள் தப்பு செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் தப்பு செய்யவில்லை, அவள் போகாவிட்டால் எங்கள் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் சிட்டு உங்களை 'வாங்க' என்று கூப்பிடுகிற அன்றைக்கு என்னால் அந்த வீட்டில் நிற்க முடியாது. அதை நினைத்ததும்தான் சோறு இறங்காமல் எழுந்து வந்தேன். 'பட்டம் ஒரு கேடா' என்றது அதிகப்படி. அதை மட்டும் அழித்துவிடுங்கள்.

சின்னவள்


மார்ச் 2

அன்புள்ள சின்னவளே,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் படித்தேன். கையெல்லாம் பிளாஸ்டர் மாவு. கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் வெள்ளை. கண்டக்டர் அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உங்க மூஞ்சிக்கே அச்சு எடுத்துக்கிட்டீங்களா?" என்றார்.

உன் அண்ணன் இதில் ஒரு வரிகூட என்னிடம் சொன்னதில்லை. கேட்டேன். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "அவ சொன்னது அத்தனையும் நெசம். நான் பெட்டியை வாங்க ஓடினதுகூட அம்மா முகத்தைப் பாக்க பயந்துதான்" என்றார்.

நீ இதை எனக்கு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீ கோபித்துக்கொண்டு பேசாமலே இருந்திருந்தால், நான் சந்தோஷமாகப் பெட்டி கட்டிக்கொண்டு போயிருப்பேன். இப்போது சிட்டுவைப் பார்க்கும் போதெல்லாம் அவள் தலையாட்டுகிறாளா என்றுதான் பார்க்கிறேன். ஆட்டுகிறாள். "அம்மா படிக்கப் போகட்டுமா?" என்றால், "ம்ம், போ. நான் சமர்த்தா இருப்பேன்" என்கிறாள். உன் கடிதத்துக்கு முன்னால் அதைக் கேட்டுப் பூரித்துப்போயிருக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். இந்த மாதக் கடைசிக்குள் இடத்தை ஏற்றுக்கொள்கிறேனா என்று பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும். வரவில்லை என்று எழுதிவிடப் போகிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உன்மேல் துளியும் வருத்தம் இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் இன்றைக்கே, 'என் நாத்தனாருக்குப் பைத்தியம், அவள் பேச்சைக் கேட்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும்' என்று இன்னொன்று எழுதுங்கள்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். கொஞ்சம் வேகத்தைக் குறை என்றால் நடுரோட்டில் வண்டியை நிறுத்திச் சாவியையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்வார்கள். நான் போகாதீர்கள் என்றா சொன்னேன்? விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றேன். தமிழ்தானே எழுதினேன்?

சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போகலாம். அண்ணனையும்தான். நான் விசாரித்துவிட்டேன். ஆமாம், நானேதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. போன் போட்டேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும், லெஃப்ட்டு, ரைட்டு, ஸ்டாப்பு தாண்டாது. எடுத்த பெண் மகா பொறுமைசாலி. நீங்கள் மாணவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். 'சிஸ்டர் இன் லா' என்றேன். சொன்னதும் எனக்கே சப்பென்று போய்விட்டது. அண்ணியும் அதுதானாம், கொழுந்தியாளும் அதுதானாம், நாத்தனாரும் அதுதானாம். அந்த ஊரில் எப்படித்தான் முறை பார்த்துச் சண்டை போடுகிறார்களோ!

அவள் சொன்னது: குடும்பத்தோடு வருகிற மாணவர்களுக்குத் தனி வீடுகள் இருக்கின்றன, இப்போதே கேட்டு வைக்க வேண்டும். பக்கத்திலேயே பள்ளிக்கூடம். கணவருக்கும் குழந்தைக்கும் உங்களோடு சேர்த்து விசா கேட்கலாம். மூன்றுக்கும் 'தேங்க்யூ' சொன்னேன். கடைசியில், "யுவர் சிஸ்டர் இன் லா இஸ் லக்கி" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசியது அவளுக்குத் தெரியாது.

அடுத்து நீங்கள் கேட்கப் போவது எனக்குத் தெரியும். அப்பாவை யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன். என்னிடம் அனுப்புங்கள்.

சின்னவள்


மார்ச் 28

அன்புள்ள சின்னவளே,

வருகிறேன் என்று நேற்று எழுதிவிட்டேன்.

நீ வீசிவிட்டுப் போன வெடி இங்கே எப்படி வெடித்தது என்று சொல்கிறேன். உன் அண்ணன் சம்பளம் இல்லாத விடுப்பு கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் போனார். ஆசிரியர் அறையில் ஒருவர், "பொண்டாட்டி படிக்கப் போறாங்க, சார் சமைக்கப் போறாரு" என்றாராம். இவர் கொஞ்சமும் அசராமல், "ஆமா சார், இப்ப வரைக்கும் அவதான் சமைக்கறா, அங்கயாவது முறை மாத்திக்கலாம்னு இருக்கோம்" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும், அதையும் சொல்லியிருக்கணும்" என்றார். உன் அம்மா வயிற்றில் எப்பேர்ப்பட்ட பிள்ளை பிறந்திருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

மாமாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. நீ உன் புருஷன் வீட்டை விட்டு வெளியே வந்து தனியாக நிற்க ஆரம்பித்ததிலிருந்து அவர் உன் வாசலை மிதித்ததில்லை. அதை வைத்துக்கொண்டு எப்படி வாயைத் திறப்பது? உன் அண்ணன்தான் சொன்னார். மாமா கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "என்னை மூட்டை கட்டி அனுப்பறீங்களா?" என்றார். சிட்டுதான், "இல்ல தாத்தா, அத்தை கூப்பிட்டாங்க. போன் போட்டுக்கூடக் கேட்டாங்க" என்றாள். "யாரு, அவளாவா?" என்றார். அவ்வளவுதான். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். காலையில் பார்த்தால் பழைய சட்டைகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிறார்.

மே மாதம் ஒரு வெள்ளோட்டமாக உன்னிடம் வந்து இருக்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் ஒளிக்காமல் சொல். நீ இத்தனை வருஷம் பாடுபட்டுக் கட்டிய உன் வாழ்க்கை. அதில் நான் படிக்கப் போகிறேன் என்பதற்காக ஒரு பெரிய மனிதரையும் அவர் மாத்திரைகளையும் கொண்டுவந்து இறக்குகிறேன். அதை நினைத்தால் நன்றி சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் நன்றி.

உன் அண்ணி


மே 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் மாமனார் நலம். நான்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "பாத்ரூம் லைட் சுவிட்சு எங்க இருக்கு?" என்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் மகள் வீட்டு வாசலில் நின்று அப்பா கேட்ட முதல் கேள்வி. நானும் வீராப்பாக, "கதவுக்கு வெளிய" என்றேன்.

முதல் வாரம் மூன்று சண்டை. டிவி சத்தத்துக்கு ஒன்று, சர்க்கரை டப்பாவை நான் ஒளித்து வைத்ததற்கு ஒன்று, பம்ப் ஹவுஸில் வேலை பார்த்த ஞாபகத்தில் என் வீட்டுக் குழாயையெல்லாம் கழற்றிப் போட்டதற்கு ஒன்று. கழற்றியதை மாட்டிவிட்டார், இப்போது சொட்டுவதில்லை. ஆனால் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

வீட்டில் தனியாக விட பயமாக இருந்ததால் வண்டியில் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டேன். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களில் வங்கியில் காசாளராக இருக்கிற ஒரு பெண் உண்டு. சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. அந்தப் பெண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து குரல்: "ஹாரன் அடிக்கறவன் என்ன, பொறக்கும்போதே ஸ்டியரிங்கோட பொறந்தானா? அவன் நிக்கட்டும். நீ மெதுவா எடும்மா, ஒண்ணும் அவசரமில்ல."

அவள் எடுத்தாள். ஒழுங்காக எடுத்தாள். எனக்குத்தான் ரோடு மங்கலாகத் தெரிந்தது. திரும்பி வரும்போது டீக்கடையில் நிறுத்தி, "இந்த வார்த்தையை என்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் பத்தல" என்றார்.

அப்போதுதான் அம்மா பேச்சை எடுத்தேன். அந்த 'வாங்க'வைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருந்தது. "அன்னிக்கு உங்கம்மா என்ன சொன்னா தெரியுமா? 'பொண்ணை எவ்வளவு மரியாதையா வளத்திருக்கீங்க'ன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. ஆனா உன்மேல அவளுக்கு ஒரு குறையும் இல்ல. நாலு பேர்கிட்ட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்குவா" என்றார்.

இத்தனை வருஷம் அதை ஒரு காயமாகவே வைத்துக்கொண்டிருந்தேன் அண்ணி. அம்மா அதைப் பெருமையாக வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். நீங்கள் வெளிநாடு புறப்படாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிய வந்தே இருக்காது. நன்றி எனக்கு வேண்டாம். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று சேர்ந்துவிட்டது.

அப்பா இங்கேயே இருக்கட்டும்.

சின்னவள்


ஜூலை 30

அன்புள்ள சின்னவளே,

ஒரு நல்ல சேதி, ஒரு கெட்ட சேதி.

எனக்கு விசா கிடைத்துவிட்டது. நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "இந்த வயதில் எதற்குப் படிப்பு? படித்துவிட்டு அங்கேயே இருந்துவிடுவீர்களா?" என்று கேட்டார். பாடமாக்கி வைத்திருந்த பதிலெல்லாம் பறந்துவிட்டது. கண்டக்டர் அக்காவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் பட்டறை வாசலில் இன்றைக்கும் எத்தனை பெண்கள் ஆம்பளைப் பாதத்தோடு படி இறங்குகிறார்கள் என்று சொன்னேன். "கால் வேணுங்கறவங்க இங்க இருக்கும்போது நான் அங்க இருந்துக்கிட்டு எப்படி சார் செய்ய முடியும்?" என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் முத்திரை குத்தினார்.

கெட்ட சேதி: உன் அண்ணனுடையது நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அவர் பெயரில் ஒரு எழுத்து கூடுதல், கல்யாணச் சான்றிதழில் ஒரு எழுத்து குறைவு. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். திருத்தி வாங்க மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். சிட்டுவின் விண்ணப்பமும் அவருடையதோடு சேர்ந்து நிற்கிறது. தனியாகப் பிரித்து வாங்கினாலும், நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை வகுப்பிலும் ஆய்வகத்திலும் இருப்பேன், தெரியாத ஊரில் அவளை யாரிடம் விடுவது?

ஆக, கடைசியில் எது நடக்கக் கூடாது என்று நாம் இத்தனையும் செய்தோமோ அதுவேதான். நான் தனியாகப் போகிறேன். அவர்கள் பின்னால் வருவார்கள், வருஷக் கடைசிக்குள் வந்துவிடலாம் என்கிறார்கள். வராமலும் போகலாம்.

ஒரு வருஷம் தள்ளி வைக்கக் கேட்டேன். இடத்தைத் தள்ளி வைக்கலாம், உதவித்தொகையை முடியாது என்றார்கள். சிட்டுவிடம் சொன்னேன். தலையாட்டினாள் சின்னவளே. அப்படியே நீ எழுதிய மாதிரி.

உன்னை விட்டால் இதை நான் யாரிடம் கேட்பேன்? நீ அந்தப் பக்கம் இருந்தவள். நான் என்ன செய்தால் அவள் என்னை அந்நியமாகப் பார்க்க மாட்டாள்?

உன் அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்பைத் தள்ளி வைத்தேன். யோசித்தேன். அப்பாவிடமும் கேட்டேன். அதற்கப்புறம்தான் எழுதுகிறேன்.

அம்மா எங்களிடம் போனில் எப்படிப் பேசுவாள் தெரியுமா? தேனாகப் பேசுவாள். "என் செல்லமே, சாப்பிட்டியா கண்ணு, நல்லாப் படி கண்ணு." ஒருநாள்கூட எங்களைத் திட்டியதில்லை. நான் கணக்கில் கோட்டை விட்டேன், திட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மண்டையை உடைத்தேன், திட்டவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு எதற்குப் பிள்ளைகளை அழ வைப்பது என்று நினைத்திருப்பாள் பாவம். நாங்களும் அவளிடம் நல்லதை மட்டும்தான் சொல்வோம். இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் நல்லவர்களாகவே நடித்து நடித்து, கடைசியில் ஒருவரை ஒருவர் தெரியாமலே போய்விட்டது. திட்டாத அம்மா விருந்தாளி அண்ணி. அதனால்தான் எனக்கு 'வாங்க' வந்தது.

ஆகவே திட்டுங்கள். தினமும் திட்டுங்கள். தலை வாரினாயா என்று கேளுங்கள், இல்லை என்றால் கத்துங்கள். ஸ்கூல் பையைக் கவிழ்த்துக் கேமரா முன்னால் காட்டச் சொல்லுங்கள். எப்படியும் பாதி தின்ற பிஸ்கெட் ஒன்று கிடக்கும். அவளும் உங்களோடு சண்டை போடட்டும். கோபித்துக்கொண்டு போனை வைத்தால் வைக்கட்டும். மறுநாள் நீங்கள் கூப்பிடுங்கள், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருங்கள். எவ்வளவு தொலைவில் இருந்தாலும் அவள் உங்களுக்குத் திட்டுகிற தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், 'சமர்த்தா இரு' என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் அழ வேண்டும் போல் இருந்தால் அவள் முன்னாலேயே அழுங்கள்.

துணி வாங்கி அனுப்பாதீர்கள். அளவு நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணனையும் சிட்டுவையும் சனி ஞாயிறுகளில் இங்கே வரச் சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு வெந்நீருக்கு அடுத்த பாடம் சொல்லித் தர ஒரு வாத்தியார் தேவை.

போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

சின்னவள்


டிசம்பர் 19

அன்புள்ள சின்னவளே,

போனில் நாம் பேசாத நாள் இல்லை. ஆனாலும் சில விஷயத்தைக் கடிதத்தில்தான் உன்னிடம் சொல்ல வருகிறது. பழகிவிட்டது.

வந்த புதிதில் வகுப்பில் என்னைப் பேராசிரியை என்று நினைத்து ஒரு பையன் எழுந்து நின்றான். உட்கார் தம்பி, நானும் உன் ரகம்தான் என்றேன். இப்போது அவன்தான் எனக்குக் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லிக்கொடுக்கிறான். பதிலுக்கு நான் அவனுக்குப் பிளாஸ்டர் கட்டி தட்டாமல் அச்செடுக்கக் காட்டிக்கொடுக்கிறேன். ஆய்வகத்தில் எல்லாரும் பெண்களுக்கான பாதத்தின் வளைவை எதை வைத்து அளக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போது, இதை ஊரில் எத்தனை நாள் தனியாக மனசுக்குள்ளேயே பேசியிருக்கிறேன் என்று தோன்றும். அந்த நேரம் உன்னை நினைத்துக்கொள்வேன்.

நீ சொன்னபடி திட்டினேன். முதல் வாரம் வாயே வரவில்லை, அழுகைதான் வந்தது. அப்புறம் ஒருநாள் கேமராவில் அவள் தலையைப் பார்த்தேன். காக்கா கூடு. "இதை ரெண்டு நாளா சீப்பு தொட்டிருக்காதே, யாரை ஏமாத்தறே?" என்று ஒரு சத்தம் போட்டேன். சிட்டு திகைத்துப்போய், "அங்கேருந்துகூட உனக்குத் தெரியுதாம்மா?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து தினமும் சண்டைதான். அக்டோபரில் ஒரு வாரம் என்னோடு பேசவே மாட்டேன் என்று கோபித்துக்கொண்டாள். உன் அண்ணன் பயந்துவிட்டார். எனக்குப் பயம் இல்லை. தலையாட்டாமல் கோபித்துக்கொள்கிறாளே என்று உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

பெயர்த் திருத்தம் முடிந்து, விசாவும் வந்து, போன வாரம் விமான நிலையத்தில் அவர்கள் வெளியே வந்ததைச் சொல்ல வேண்டும். உன் அண்ணன் தள்ளுவண்டியோடு தடுமாறிக்கொண்டு பின்னால் வருகிறார். சிட்டு முன்னால். கட்டிப்பிடிப்பாள் என்று கையை விரித்தேன். அவள் வந்த வேகத்தில், "இவ்ளோ குளிருன்னு ஏம்மா சொல்லவே இல்ல? அப்பா ஸ்வெட்டரை எல்லாம் பெட்டி அடியில வச்சுட்டாரு, நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே! அப்புறம் நேத்து நீ சொன்னியே, அந்தக் கணக்கு, அது தப்பு" என்று பேசிக்கொண்டே என் கோட்டுக்குள் நுழைந்து நின்றுகொண்டாள். முந்தைய நாள் போனில் விட்ட சண்டை. நடுவில் ஒரு கடல் இருந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

நான் அங்கேயே நின்று அழுதேன். "ஏன் அழறே?" என்றாள். "உங்கத்தைக்கு நன்றி சொல்றேன்" என்றேன். "அதுக்கு அத்தைக்குப் போன் பண்ணு, என்கிட்ட எதுக்கு அழறே?" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். நீ அன்றைக்குப் பாதிச் சோற்றில் எழுந்து போனதற்கு நன்றி. எழுதாமல் இருந்திருக்கலாம், எழுதினாய். அதற்கும்.

உன் அண்ணன் சமைத்ததைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிறோம்.

உன் அண்ணி


ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிட்டு பேசிய இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். அண்ணன் சமையல் இடத்தில், "அவனை நம்பிப் புள்ளைய அனுப்பிட்டோமே" என்றார்.

நீங்கள் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். இங்கே நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்பா இப்போது என்னோடு தினமும் ஆபீஸுக்கு வந்துவிடுகிறார். வீட்டில் இருந்தால் குழாயைக் கழற்றத் தோன்றுகிறதாம். ஆபீஸில் ஒரு நாற்காலி பிடித்துப் போட்டுக்கொண்டார். நான் வண்டியில் இருக்கும்போது போன் வந்தால் அவரே எடுக்கிறார். யார் கேட்டாலும் முதலில், "பயப்படாதீங்க, எல்லாரும் கத்துக்கறாங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார். அவர் பேச்சைக் கேட்டே நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

நேற்று நான் ஒரு வகுப்பு முடித்துவிட்டு வந்து ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், நான் வந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் யாரோ, நீங்கள் யார் பேசுவது, அங்கே வேலை செய்கிறவரா என்று கேட்டிருக்க வேண்டும்.

நான் தனியாக வந்த நாளிலிருந்து, என்னைப் பற்றி யார் கேட்டாலும் "பொண்ணு வெளியூர்ல இருக்கா" என்பதோடு பேச்சை மாற்றிவிடுகிற மனிதர் அவர். எனக்கும் அது தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லங்க, வேலை செய்யறவன் இல்ல. நான் ஓனரோட அப்பா பேசறேன்" என்றார்.

நான் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வண்டியில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் அண்ணி.

சின்னவள்